துஹாமி வண்டியை நிறுத்திய வாரம்

துஹாமியை ஓர் இடத்தில் உட்கார வைத்துப் பார்த்தவர்கள் எங்கள் ஸ்ஃபாக்ஸ் ஊரில் ரொம்பப் பேர் கிடையாது. வீட்டில் காபியை நின்றுகொண்டே குடிப்பான். கல்யாண விருந்தில் கூஸ்கூஸ் தட்டு வந்து இறங்குவதற்குள் மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வருவான். ஐம்பத்தெட்டு வயசில் இப்படிக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிற மனுஷன் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தொழில் அப்படி. முப்பத்தோரு வருஷமாக ஸ்ஃபாக்ஸுக்கும் தலைநகர் தூனிஸுக்கும் இடையே ஆள் சேர்த்து ஏற்றும் லுவாஜ் ஓட்டுகிறான். வெள்ளை வண்டி, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. லுவாஜுக்கு மணிக்கணக்கு கிடையாது. எட்டுப் பேர் சேர்ந்தால் கிளம்பும், சேராவிட்டால் நிற்கும். ஏழு பேர் ஏறி உட்கார்ந்து, எட்டாவது ஆளைக் காணோம் என்கிற அந்த அரை மணி நேரத்தில் அவனைப் பார்க்க வேண்டும். வண்டியைச் சுற்றி வருவான். டயரை உதைப்பான். நிலையத்தின் வாசல் வரை போய், எந்தப் புண்ணியவானாவது பெட்டியோடு வருகிறானா என்று எட்டிப் பார்ப்பான்.

"ஸி துஹாமி, உன்னைப் பாத்தா எங்களுக்கு மூச்சு முட்டுது. செத்த உக்காரேன்ப்பா" என்பார்கள் உள்ளே இருப்பவர்கள்.

"ஓட்டும்போது உக்காந்துதானே ஆகணும், அது போதும்" என்பான்.

இப்படிப்பட்டவனுக்குப் புழு வளர்க்கிற ஆசை எங்கிருந்து வந்தது என்றால், அதுவும் வண்டியில்தான் வந்தது.

மார்ச் மாதம் பாலைவனத்தைத் தாண்டி ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் வடக்கே போகும். சில வருஷம் ஒன்றிரண்டு, சில வருஷம் சாலையே தெரியாத அளவுக்கு. எல் ஜெம் பக்கம் வந்தால் கண்ணாடியில் பட்பட்டென்று மோதும். துஹாமி தூனிஸ் போய்ச் சேர்ந்ததும் பழைய செய்தித்தாளையும் வினிகரையும் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டே துடைப்பான். இருபது வருஷத்துக்கு மேல் துடைத்தான். அது என்ன, எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், வீட்டுத் தோட்டத்தில் கொப்பீஸாக் கீரை பறித்துத் தரச் சொன்னாள் அவன் மனைவி ஹல்லூமா. ஒரு இலை சுருண்டு நூலால் தைத்த மாதிரி இருந்தது. பிரித்தால் உள்ளே கறுப்பாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு புழு. கீழே போட்டு மிதிக்கக் காலைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து நிலையத்திலிருந்து போன். அவனுடைய முறை வந்துவிட்டதாம். கையில் இருந்ததை அப்படியே ஒரு காலி ஹரிஸ்ஸா மிளகாய் விழுது ஜாடியில் போட்டு, ஜாடியை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் செருகிவிட்டு ஓடினான். அதோடு மறந்தும் போனான்.

மூன்றாம் நாள் முன் சீட்டில் இருந்த ஒரு நர்ஸ் சொன்னாள். "ஸி துஹாமி, உங்க ஜாடியில என்னமோ தலைகீழாத் தொங்குது."

தொங்கியது பத்து நாள் தொங்கியது. ஸ்ஃபாக்ஸுக்கும் தூனிஸுக்கும் இருபது நடை போய் வந்தது. அடிக்கடி வருகிற பயணிகள் ஏறும்போதே "என்ன, வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதினோராம் நாள் காலையில், நெடுஞ்சாலையில், எட்டுப் பேரும் உள்ளே இருக்கும்போது கூடு வெடித்தது. துஹாமி வண்டியை ஓரம் கட்டினான். அதுவரை இருபத்து நாலு வருஷம் ஓட்டியவன், பஞ்சருக்குத் தவிர நடுவழியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. கசங்கிய சிறகு மெல்ல மெல்ல விரிந்தது. ஆரஞ்சு, ஓரத்தில் கறுப்பு, கறுப்பில் வெள்ளைப் புள்ளி. அவன் வினிகர் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அதே பூச்சி.

"அடப்பாவி" என்றான். தன்னைத்தான் சொன்னான். பின்னால் இருந்தவர்கள் பரீட்சை, கோர்ட், டாக்டர் என்று கத்தினார்கள். சிறகு காய்கிற வரைக்கும் இருபது நிமிஷம் அவன் வண்டியை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு தோட்டத்தில் தெற்கு மூலையை அவன் உழவில்லை.

இது ஒன்றும் சின்ன விஷயமில்லை. வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் ஊர் ஒலிவத் தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் தரை சீவி வைத்ததுபோல் கிடக்கும். ஒரு புல் நிற்காது. பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தில் களை நின்றால் ஸ்ஃபாக்ஸ்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான், துணி அவிழ்ந்தவனைப் பார்த்ததுபோல. அப்படிப்பட்ட ஊரில், தெனியூர் சாலை ஏழாவது கிலோமீட்டரில், அப்பா விட்டுப் போன வாதுமை மரங்களுக்கு நடுவில் துஹாமி முட்செடியையும் கொப்பீஸாவையும் ஆள் உயரச் சோம்புச் செடியையும் வளர விட்டான். "முள்ளுப் பண்ணைக்காரன்" என்று பேர் வைத்தார்கள். தம்பி முக்தார் பெருநாளுக்கு வரும்போதெல்லாம் அந்த மூலைக்கு முதுகைக் காட்டி உட்காருவான்.

அடுத்த வீட்டு தலீலா தன் பங்குக்கு ஜெரேனியம், ரோஜா, காகிதப்பூ என்று தொட்டி தொட்டியாக வைத்திருந்தாள். ஆரஞ்சுப் பட்டாம்பூச்சியும், சோம்பைத் தேடி வந்து சேர்ந்த வால் நீண்ட மஞ்சள் பட்டாம்பூச்சியும் அவள் பூவில் தேன் குடித்துவிட்டுத் துஹாமியின் களைக்குத் திரும்பிவிடும். அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"இங்க இவ்வளவு பூ இருக்கு, உன் குப்பையில அதுக்கு என்ன வேலை?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டாள்.

"பூ அதுக்கு டீக்கடை. புள்ளை பெத்து வளக்க வீடு வேணாமா? உன் வீட்டுக் கொத்தமல்லியில பச்சைப் புழு வந்ததுன்னு மருந்தடிச்சியே, யாரை அடிச்சே தெரியுமா? அந்த மஞ்சளைத்தான் இப்ப வா வான்னு கூப்பிடறே."

"அந்த அசிங்கமா இது?"

"அதேதான்."

அவள் நம்பவில்லை.

துஹாமிக்கு உண்மையில் பட்டாம்பூச்சியைவிடப் புழுவைத்தான் பிடிக்கும். "பறக்கறது எனக்குப் புதுசா? நான்தான் தினம் பறக்கறேனே" என்று ஹல்லூமாவிடம் சொல்வான். "இதைப் பாரு. ஒரே செடி. அங்கேயே பொறந்து, அங்கேயே தின்னு, சட்டையை அஞ்சு தடவை கழட்டிப் போட்டு... எங்கேயும் ஓடாம எப்படி இருக்கு பாரு." இதைக் கையில் சாவியைக் குலுக்கிக்கொண்டே சொல்வான். ஹல்லூமா அந்தச் சாவியைப் பார்ப்பாள்.

இந்த வருஷம் ஏப்ரலில் சோம்புச் செடிகளில் நாற்பத்தேழு புழு. வால் நீண்ட மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழுக்கள். பச்சை உடம்பு, கறுப்பு வளையம், வளையத்தில் ஆரஞ்சுப் பொட்டு. தொட்டால் தலையிலிருந்து இரண்டு ஆரஞ்சுக் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும் பாருங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். விரல் நீளம் வந்துவிட்டன. இன்னும் ஐந்து நாள் தின்றால் இறங்கி நடந்து, கூடு கட்ட இடம் தேடிப் போய்விடும்.

அந்த ஐந்து நாள் முடிகிற கையோடு வந்து நின்றது, பெண் வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

மகன் அனீஸ் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவன். அவனுக்கு யுஸ்ராவைப் பேசியிருந்தார்கள். பையனும் பெண்ணும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பியதுதான், ஆனாலும் பெரியவர்கள் வந்து வீடு பார்த்து, ஃபாத்திஹா ஓதினால்தான் பேச்சு முடியும். பெண்ணின் அப்பா ஹாஜ் ஷெத்லிக்கு ஆயிரம் ஒலிவ மரம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நிலத்தைச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போவாராம். களை நின்ற வீட்டில் காபி குடிக்காமலே திரும்பியவர் என்று ஊரெல்லாம் பேச்சு.

செவ்வாய்க்கிழமை ஹல்லூமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "மனுஷா, அந்த மூலையைச் சுத்தம் பண்ணு."

"சனிக்கிழமை சாயங்காலம் பண்றேன்."

"ஏன், இன்னிக்கு உனக்குக் கை வராதா?"

"சனிக்கிழமைக்குள்ள அதுங்க எறங்கிடும். எறங்கினப்புறம் நானே வேரோட பிடுங்கறேன். ஒரு புல்லு நிக்காது. அஞ்சு நாள், ஹல்லூமா. அஞ்சே நாள் குடு."

"என் புள்ளை கல்யாணத்தைப் புழு முடிவு பண்ணணுமா?"

"சனிக்கிழமை. அல்லாஹ் மேல ஆணை."

சரி என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் ஊர் கேட்குமா?

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் துஹாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி தெற்கே போனால் மனசு தோட்டத்தில். வண்டி வடக்கே போனாலும் மனசு தோட்டத்தில். சூஸ்ஸா தாண்டும்போது ஒரு போன், என்ஃபிதாவில் ஒரு போன். "குருவி வந்துதா? தலீலா மருந்து கிருந்து அடிக்கிறாளா? காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" மூன்றாம் போனில் ஹல்லூமா, "உன் புழுவுக்கெல்லாம் சோறு ஊட்டித் தாலாட்டித் தூங்க வச்சாச்சு, வை" என்று வைத்துவிட்டாள். வண்டியில் இருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழன் மாலை எண்ணினான். நாற்பத்தைந்து. இரண்டைக் காணோம். இறங்கிவிட்டதா, குருவி கொத்திவிட்டதா? சுவரெல்லாம் தேடினான். கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தூனிஸ் நிலையத்தில் ஏழு பேர் ஏறியாகிவிட்டது. எட்டாவது ஆளுக்காக அவன் டயரை உதைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஹல்லூமா. பின்னணியில் ஆண்கள் குரல், சிரிப்பு, ஒரு கோவேறு கழுதையின் கனைப்பு.

"மனுஷா, கோவப்படாதே. முக்தார் வந்திருக்கான். ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு. ரகாத்தா."

டயரை உதைத்துக்கொண்டிருந்த கால் நின்றது. ரகாத்தா என்றால், ஒருத்தன் வீட்டில் நல்ல காரியம் வந்தால் உறவும் அக்கம்பக்கமும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து வேலையை முடித்துக் கொடுப்பது. கூலி கிடையாது, காபியும் சாப்பாடும்தான். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் செத்தால்கூட வரமாட்டார்கள்.

"நிறுத்தச் சொல்லு! நான் வந்துடறேன்னு சொல்லு!"

"எப்படிச் சொல்றது? அண்ணன் மகன் கல்யாணம், அண்ணனுக்கு நேரமில்ல, நாங்க பண்றோம்னு வந்து நிக்கறாங்க. உன் தம்பி உனக்காக வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கான். நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு விரட்டறது?"

"சோம்பை மட்டும் விடச் சொல்லு. அந்தச் சோம்பை மட்டும்."

"சொன்னேன். ‘அண்ணி, முதல்ல அதைத்தான் எடுக்கணும், அதுதான் வாசல்லேர்ந்து தெரியுது’ங்கறான்."

எட்டாவது ஆள் வரவில்லை. துஹாமி ஏழு பேரோடு வண்டியை எடுத்தான். வரிசையில் பின்னால் நின்ற ஓட்டுநர்கள் வாயைப் பிளந்தார்கள். அவன் காலி சீட்டோடு கிளம்பி யாரும் பார்த்ததில்லை. பாதையில் ஒருத்தர் சிறுநீர் கழிக்க நிறுத்தச் சொன்னார். "அடக்குங்க ஹாஜ்" என்றான். முன்னால் போன லாரிக்காரன் பரம்பரையையே திட்டினான். மூன்று மணி நேரமும் அவன் கண்ணுக்குள் மண்வெட்டிதான் ஏறி இறங்கியது.

வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. தெற்கு மூலை மொட்டையாக, அழகாக, சீப்பு வைத்து வாரியதுபோல் கிடந்தது. வாதுமை மரத்தடியில் ஏழு பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே!" என்று முக்தார் வியர்வையோடு எழுந்து வந்து கட்டிப்பிடித்தான். "பாத்தீங்களா? ஹாஜ் ஷெத்லி இல்ல, அவரு பாட்டன் வந்தாலும் ஒரு புல்லு கண்டுபிடிக்க முடியாது. மப்ரூக்!"

நல்லது செய்தவனை என்ன திட்டுவது? "பிடுங்கினது எங்கே?" என்று மட்டும் கேட்டான்.

"அதோ. என் ஆடுங்களுக்கு ஏத்தப் போறேன்."

சுவரோரம் இடுப்பளவு குவியல். துஹாமி அதில் முட்டி போட்டு உட்கார்ந்தான். முட்செடி கையைக் கிழித்தது. ஒவ்வொரு சோம்புத் தண்டாக உருவினான். முதல் புழு நசுங்கியிருந்தது. இரண்டாவதும் நசுங்கியிருந்தது. மூன்றாவது தண்டை ஆட்டியதும் ஆரஞ்சுக் கொம்பை நீட்டி நாற்றத்தை விட்டது. "இருக்கு" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. முக்தாரின் முகம் சுண்டிவிட்டது.

"அண்ணே, நாங்க விடிகாலையிலேர்ந்து முதுகு ஒடிய வெட்டியிருக்கோம். ஒரு ‘நல்லாயிருக்கு’ன்னு சொல்ல வாய் வரல. குப்பையில போய் உக்காந்து என்னத்தை..."

"நல்லாயிருக்கு முக்தார். வல்லாஹி நல்லாயிருக்கு. அந்தப் பக்கம் மிதிக்காதே."

அனீஸ் பட்டறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "பாபா, எழுந்திருங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. துஹாமி எழவில்லை. ஹல்லூமா ஏழு பேருக்கும் டீ ஊற்றி, ஒவ்வொருவர் கையாகக் கொடுத்து, சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தாள். பிறகு வந்து, ஒரு வாளியை அவன் பக்கத்தில் தொப்பென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

முப்பத்தொன்று கிடைத்தது.

வீட்டுக்குள் கொண்டுவர அவள் விடவில்லை. வெள்ளையடித்த சுவர், புது விரிப்பு, இரண்டு நாளில் விருந்து. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெளியே வைத்தால் குருவி. துஹாமிக்கு வேறு என்ன இருக்கிறது? வண்டிதான் இருக்கிறது. தண்ணீர் பாட்டில்களில் சோம்புத் தண்டுகளைச் செருகி, சீட்டு சீட்டாகக் கட்டி வைத்தான். ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தான். சனிக்கிழமை முழுக்க வண்டிக்கும் வாசலுக்கும் நடந்தான். அன்றைக்கு முறை தப்பியது. அனீஸின் அப்பாவுக்குக் கல்யாணக் கவலை என்று நிலையத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு மாலை ஹாஜ் ஷெத்லி வந்தார். வெள்ளை ஜெப்பா அங்கி, சிவப்புத் தொப்பி. வாசலில் ஸலாம் சொன்னதோடு சரி, நேரே தோட்டத்துக்குப் போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரம் மரமாகச் சுற்றினார். தெற்கு மூலையில் நின்று, செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். ஹல்லூமா ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு புல்லு இல்ல" என்றார் ஹாஜ். "இது மனுஷன் இருக்கற வீடு."

முக்தார் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். துஹாமி தலையாட்டினான். உள்ளே காபி வந்தது, வாதுமைப் பலகாரம் வந்தது, ஃபாத்திஹா ஓதினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஹல்லூமா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்த நேரத்தில், யுஸ்ரா வாய் திறந்தாள்.

"பாபா துஹாமி, பட்டாம்பூச்சி எங்கே?"

முக்தார் கையிலிருந்த பலகாரத்தைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"அனீஸ் போட்டோ அனுப்புவாரே, மஞ்சள்ல, வால் வச்சது. வந்தா நேர்ல பாக்கலாம்னு சொன்னாரு. அதுக்குத்தான் இந்த மாசமே போகலாம்னு நான் வீட்டுல அடம் பிடிச்சேன்."

அனீஸின் முகத்தில் ஈயாடவில்லை. பட்டாம்பூச்சியைக் காட்டிப் பெண்ணை மயக்கியவனுக்கு, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். ஏழு வருஷம் அதே வீட்டில் இருந்தவன்.

"வெள்ளிக்கிழமை வெட்டிட்டோம்மா" என்றான் துஹாமி.

"பட்டாம்பூச்சியையா?"

"ஆமா. புழுவா இருந்துச்சு. வெட்டிட்டோம்." சொல்லும்போதே எழுந்துவிட்டான். "கொஞ்சம் மிச்சம் இருக்கு. வா."

ஹல்லூமா கண்ணால் தடுத்துப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே வாசலில் இருந்தான். பெண் பின்னால் போனாள். பெண் போனால் அப்பா போகாமல் இருப்பாரா? எல்லோரும் போனார்கள்.

லுவாஜின் கதவைத் தள்ளித் திறந்ததும் சோம்பு வாசனை குப்பென்று வந்தது. தண்டுகள் எல்லாம் மொட்டை. புழுக்கள் இறங்கி நடந்துவிட்டிருந்தன. சீட்டுக் கம்பியில் ஒன்று, சீட் பெல்ட்டில் ஒன்று, கூரை ஓரத்தில் வரிசையாக நான்கு, பயணிகள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியில் ஒன்று. சில ஏற்கெனவே இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, சாய்ந்து, அசையாமல் இருந்தன. கியர் கம்பியில் ஒன்று. முன் கண்ணாடிக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒன்று, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி நூலை இழுத்துக்கொண்டிருந்தது.

யுஸ்ரா கிட்டே குனிந்து விரலை நீட்டினாள். கொம்பு வந்தது, நாற்றமும் வந்தது. "யா உம்மீ!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதுவா? இதுவா மஞ்சளாகுது?"

"ரெண்டு வாரத்துல."

ஹாஜ் ஷெத்லி கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வண்டியைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார், துஹாமியைப் பார்த்தார்.

"நிலம் சுத்தமா இருக்கு. அது போதும்" என்றார் கடைசியில். "வண்டிக்குள்ள ஒருத்தன் என்ன வச்சிருக்கான்னு நான் கேக்கறதில்ல."

விருந்தினர் போன பிறகு ஹல்லூமா பாத்திரங்களைக் கழுவினாள். சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை காலை நிலையத்திலிருந்து போன். வரிசையைப் பார்த்துக்கொள்கிற லஸ்அத் பேசினான்.

"ஸி துஹாமி, உன் முறை. ஆறு பேர் ஏறக் காத்திருக்காங்க."

"வண்டி வராது. ரெண்டு வாரம்."

"என்னது? என்ன பழுது?"

"பழுதில்ல. ஆள் ஏறியிருக்கு. எறங்க மாட்டேங்குது."

லஸ்அத் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். துஹாமி போனை அணைத்தான். வண்டியில் ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான். கியர் கம்பியில் கூடு கட்டியது கறுக்காமல் இருக்கிறதா என்று பார்த்தான். காலையில் நல்ல வெயில். தெனியூர் சாலையில் வண்டிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. அவன் இடது கால் அவனுக்குத் தெரியாமலே கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தது. மிதித்தது, விட்டது, மிதித்தது.

பக்கத்துக் கதவு திறந்தது. ஹல்லூமா ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். வண்டிக்குள் பின்னால் திரும்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அனீஸ் பொறந்தப்ப நீ எங்கே இருந்தே?" என்றாள்.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. "எல் ஜெம் தாண்டி."

"எங்கம்மா போனப்ப?"

"தூனிஸ்ல. எட்டாவது ஆளு..."

"எனக்கு வயித்துல கத்தி வச்சாங்களே, அன்னிக்கு?"

மருத்துவமனை வாசலில் அவளை இறக்கிவிட்டு, ‘ஒரு நடை போயிட்டு வந்துடறேன்’ என்று போனவன் அவன். வந்தபோது அவள் கண் விழித்து, பக்கத்துக் கட்டில்காரியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தாள்.

"முப்பத்தோரு வருஷம். பெருநாள் அன்னிக்கு நிறுத்தல. காய்ச்சலுக்கு நிறுத்தல. செத்தவங்களுக்கு நிறுத்தல. நான் வாய் விட்டுக் கேட்டிருக்கேன். கேக்காமலும் இருந்து பாத்திருக்கேன். எனக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த வண்டியை நிறுத்தியிருக்கியா, மனுஷா?"

மற்ற நாளாக இருந்தால் முறை, வரிசை, பயணி, சாலை என்று ஏதாவது சொல்லிக்கொண்டே எழுந்திருப்பான்.

"இல்ல" என்றான்.

"நானும் சோம்புச் செடியில பொறந்திருக்கணும்" என்றாள் ஹல்லூமா. அவள் கண் நிறைந்திருந்தது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

துஹாமியின் கால் கிளட்சில் நின்றது. "இப்ப இருக்கேனே" என்றான்.

"எத்தனை நாளைக்கு?"

"இதுங்க போற வரைக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஹல்லூமா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

துஹாமி கிளட்சிலிருந்து காலை எடுத்தான். அவள் பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள், எழுந்து போகவில்லை. அவனும் போகவில்லை.